பிஞ்சு நுனியில மஞ்சளாகி உதிருது: சுக்கினி, அரசாணி வெச்சவங்க சொல்லுங்க

18-11-2023, காலை 10.15. கேள்வி (திருப்பூர், மொட்டை மாடி)

மூணாவது மாடியில 6 க்ரோ பேக். நாலுல சுக்கினி (வெள்ளரி மாதிரி நீளக் காய் விடற பூசணி இனம்), ரெண்டுல அரசாணி (மஞ்சப் பூசணி). அக்டோபர் முதல் வாரம் விதை போட்டது. செடி கொழுகொழுன்னு இருக்குது, தினமும் பூக்குது. காய்தான் இல்லை. விரல் நீளத்துக்குப் பிஞ்சு வருது, நுனி மஞ்சளாகுது, மூணாம் நாள் சூம்பி விழுந்துருது. இலையில வெள்ளைத் திட்டு வேற. உரக்கடையில கால்சியம் ஒரு பாட்டில், போரான் ஒரு பாட்டில், பூ உதிராம இருக்க ஒரு பாட்டில்னு 780 ரூபாய்க்குக் கொடுத்தாங்க. மூணும் அடிச்சாச்சு. பிஞ்சு இன்னும் விழுகுது. மண்ணு சரியில்லையா, விதை சரியில்லையா?

18-11-2023, இரவு 9.40. பதில் (அவிநாசிப் பக்கம்)

மண்ணும் சரி, விதையும் சரி. உங்க மாடிக்குத் தேனீ வர்றதில்லை, அதுதான் சங்கதி.

நாளைக்குக் காலையில குனிஞ்சு பூவுக்கு அடியில பாருங்க. வெறும் காம்பு மெலிசா நீளமா இருந்தா ஆண் பூ. குட்டிக் காய் ஒட்டியிருந்தா பெண் பூ. அந்தக் குட்டிக் காய் பூ விரியறதுக்கு முன்னாலேயே இருக்கும். அதைப் பாத்து ‘காய் பிடிச்சிருச்சு’ன்னு சந்தோசப்பட்டுத்தான் எல்லாரும் ஏமாறோம். மகரந்தம் படலைன்னா செடி அதைக் கைவிட்டுரும். நீங்க சொன்ன மாதிரியே நுனியிலிருந்து மஞ்சளாகும்.

சோளம் மாதிரி காத்துல பறக்கற மகரந்தம் இல்லை இது. கனமா, பசையா இருக்கும். பூச்சியோ ஆளோ தூக்கிட்டுப் போகணும். ஒரு ஆண் பூவைப் பறிச்சு, இதழைக் கிழிச்சுப் போட்டுட்டு, நடுவுல இருக்கற மஞ்சத் தண்டைப் பெண் பூவோட நடுவுல எல்லாப் பக்கமும் படற மாதிரி தடவுங்க. ஒரு ஆண் பூ ரெண்டு பெண் பூவுக்குத் தாங்கும். பிரஷ், பஞ்சு எதுவும் வேண்டாம்.

780 ரூபாய் போனது போனதுதான்.

19-11-2023, காலை 6.50

நேரம் சொல்ல மறந்துட்டேன். காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள்ள. பத்து மணி வரைக்கும் பண்ணலாம்னு போன வருசம் நானே எங்கியோ எழுதினேன், தப்பு. வெயில் அடிச்சா எங்க வீட்டுல எட்டரைக்கே பூ சுருண்டுக்குது. சுருண்ட பூவைப் பிரிச்சுத் தடவறதும் ஒண்ணுதான், சும்மா இருக்கறதும் ஒண்ணுதான்.

19-11-2023, மதியம் 1.20

இன்னொரு தப்பையும் ஒத்துக்கறேன். ‘சுரைக்காய்க்கும் இதே மாதிரிதானுங்களா?’ன்னு போன ஆடியில ஒரு அக்கா கேட்டாங்க. ஆமாங்கன்னேன். பாவம், ஒரு வாரம் விடியக்காலையில மாடி ஏறி வாடின வெள்ளைப் பூவைத் தடவிட்டு இருந்திருக்காங்க. சுரை பொழுது சாயத்தான் பூக்கும், ராத்திரி அந்துப்பூச்சி வரும். பீர்க்கனும் சாயங்காலம். புடலையும் அப்படித்தான். பாகல், அரசாணி, சுக்கினிதான் காலைப் பார்ட்டி. அக்கா இதைப் படிச்சா மன்னிச்சுக்கோங்க.

19-11-2023, இரவு 8.05

இலை போட்டோ பாத்தேன். அது நோயே இல்லீங்க.

சுக்கினியில நிறைய ரகத்துக்கு நரம்பு பிரியற இடத்துல வெள்ளி பூசின மாதிரி திட்டு பிறவியிலேயே உண்டு. எல்லா இலையிலயும் ஒரே மாதிரி, நடு நரம்புக்கு ரெண்டு பக்கமும் ஒத்தாப்ல இருக்கும். விரலால தேச்சாப் போகாது. சாம்பல் நோய்னா தேச்சதும் விரல்ல திருநீறு மாதிரி ஒட்டும், வட்ட வட்டமா அங்கங்க ஆரம்பிக்கும், மொதல்ல கிழட்டு இலையில வரும். பாக்கற பரிசோதனை இது ஒண்ணுதான்: தேச்சுப் பாருங்க.

மொத வருசம் எனக்கு இது தெரியாது. நல்ல இலைக்கு மூணு வாரம் பால் அடிச்சேன். நோய் ‘அப்படியே கட்டுக்குள்ள இருந்துச்சு’. வீதிப் பூனைங்க மட்டும் பொடக்காலிக்கு (வீட்டுக் கொல்லைக்கு) வரப்போக ஆரம்பிச்சுது.

பால் வைத்தியம் பொய்யில்லை. 1999-ல பிரேசில்ல சுக்கினிச் செடியிலேயே பண்ணிப் பாத்திருக்காங்க, வேலை செஞ்சிருக்குது. ஒரு பங்கு பால், ஒன்பது பங்கு தண்ணி, காலை வெயில்ல அடிக்கணும். நோய் தொத்தின ஆரம்பத்துல அடிச்சாத்தான் பலன், இலை முழுக்க வெளுத்தப்புறம் பாலைக் காப்பிக்கு வெச்சுக்கலாம். கந்தகத் தூள் மட்டும் போட்டுராதீங்க. பூசணி இனத்துக்கு அது ஆகாது, இலை கருகிப்போகும். கோவை வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையிலேயே அந்த எச்சரிக்கை இருக்குது.

24-11-2023, காலை 7.30

நடுவுல ஒருத்தர் எத்ரல்ங்கற பயிர் ஊக்கி மருந்தை அடிக்கச் சொல்லியிருக்கார். பெண் பூ கூடும்கறது உண்மை. பல்கலைக்கழகம் அரசாணிக்குச் சொல்றது 250 பிபிஎம் (பத்து லட்சம் பங்குல 250 பங்கு), விதை போட்ட 10-15 நாள்ல ஆரம்பிச்சு வாரம் ஒருக்கா நாலு தடவை. அது ஏக்கர் கணக்குல வெள்ளாமை பண்றவங்களுக்கு. நாலு செடிக்கு அடிச்சு ஆண் பூ மொத்தமும் நின்னு போச்சுன்னா மகரந்தத்துக்கு எங்கீங்க போறது? பொண்ணு பாக்க ஒரம்பரை எல்லாம் வந்து உக்காந்திருக்க, மாப்பிள்ளையே இல்லாத கதையாப் போயிரும்.

24-11-2023, காலை 7.45

தேங்காய் நார்க்கழிவைப் பையில அப்படியே போடலாமான்னு பொள்ளாச்சிக்காரர் கேட்டிருக்கார். கட்டியா வாங்கின தேங்காய் நார்க்கழிவை அப்படியே பையில நிரப்பாதீங்க. உப்பு இருக்கும். நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை ஊறவெச்சுப் பிழிஞ்சுட்டுப் போடுங்க. எங்களுக்கு அவிநாசிப் பக்கம் போர் தண்ணியே உப்பு. உப்பு நாரு, உப்புத் தண்ணி ரெண்டும் சேந்தா இலை ஓரம் காய்ஞ்சுட்டே வரும், உரம் பத்தலைன்னு நாம இன்னும் உரம் போடுவோம், அதுவும் உப்புதான். மழைத் தண்ணி பிடிச்சு வெச்சு வாரம் ஒருக்கா பை அடியில வடியற வரைக்கும் ஊத்தறேன். பரவால்ல.

2-12-2023, இரவு 9.10

ஆக, கையில தடவினதுல மூணு பிடிச்சு, ரெண்டு பெருசாகி, ஒண்ணு கோணிக்கிட்டுப் பிசின் மாதிரி சொட்டு வடியுது. ‘உங்க வைத்தியம் பாதிதான்’னு திருப்பூர்க்காரர் குத்தறார். குத்தட்டும், பாதிதான்.

அது பழ ஈ. தோலுக்கடியில ஊசி ஏத்தி முட்டை வெச்சிட்டுப் போயிரும், சொட்டு நிக்கற இடம்தான் ஊசி போட்ட இடம். அறுத்துப் பாத்தா நெளியும். அந்தக் காயைச் செடியடியிலயோ குப்பைக் குழியிலயோ போடக்கூடாது. புழு மண்ணுக்குள்ள இறங்கிக் கூட்டுப்புழுவாகித் திரும்பி ஈயா வரும். ஆழமாப் புதைக்கலாம்னா மாடியில மண்ணுக்கு எங்க போவீங்க? பிளாஸ்டிக் பையில போட்டு இறுக்கிக் கட்டி ஒரு வாரம் வெயில்ல கிடக்க விட்டுட்டு வீசுங்க.

பொறி வாங்கறதா இருந்தா பாத்து வாங்குங்க. கடையில ‘பழ ஈப் பொறி’ன்னு கேட்டா முக்காவாசி மாம்பழ ஈக்கு வைக்கற மீதைல் யூஜினாலைத் தருவாங்க. நம்ம பூசணி ஈ அதைத் திரும்பிக்கூடப் பாக்காது. இதுக்குக் கியூலூர்னு கேக்கணும். அதுவும் ஆண் ஈயைத்தான் இழுக்கும், முட்டை வைக்கற பொம்பளை ஈ ஜாலியாச் சுத்திட்டு இருக்கும். அதனால பொறியை மட்டும் நம்பிப் பிரயோசனம் இல்லை.

கருவாட்டுப் பொறி பழைய முறை. கருவாட்டுத் தூளை நனைச்சு ஓட்டை போட்ட பையில தொங்க விடறது, கூட மருந்து தொட்ட பஞ்சு. நான் மருந்து இல்லாம வெறும் கருவாடு வெச்சேன். ஈ வந்துச்சான்னு தெரியலை. பூனைங்க வந்துச்சு. பால் வாசம் மறந்திருந்துச்சுங்க, கருவாடு வெச்சு நானே கூப்பிட்டேன்.

3-12-2023, காலை 6.30

ராத்திரி எழுதினதுல உருப்படியானதை விட்டுட்டேன். மூடுங்க. காய் பிடிச்சுப் பூ வாடினதும் மூடிருங்க. பேப்பர்ப் பை போதும். திருப்பூர்ல இருந்துக்கிட்டுக் காய்க்குப் போட துணியில்லைன்னு சொல்லக்கூடாது, பனியன் வேஸ்ட்டுல குழல் துணி கிடைக்குமே, ஒரு பக்கம் முடிச்சுப் போட்டா உறை தயார்.

3-12-2023, காலை 6.40

ஆனா தொளதொளன்னு இருக்கணும். மொத தடவை நான் இறுக்கமாப் போட்டு, துணி காய் மேல ஒட்டி, ஈ பனியன் வழியாவே ஊசி போட்டிருச்சு.

9-12-2023, மாலை 5.00

தண்டுக்குள்ள புகுந்து குடையற தண்டுத் துளைப்பான் புழு நம்ம ஊர்லயும் வருமான்னு கேட்ட சேலத்து நண்பருக்கு. அமெரிக்கக் காணொளியில சொல்ற அந்தப் புழு அமெரிக்காப் பக்கத்துது. எனக்கும் இது லேட்டாத்தான் தெரிஞ்சுது. ரெண்டு வருசம் முன்னால ஒரு சுக்கினி திடீர்னு தொங்கிப் போச்சு. அந்தக் காணொளிப்படி தண்டை பிளேடால கீறிப் புழுவைத் தேடினேன். ஒரு சாண் நீளத்துக்குக் கீறியும் கிடைக்கலை. இல்லாத ஊர்ல இல்லாத புழு எப்படிக் கிடைக்கும்? வேர் அழுகலுங்க அது, பை அடி ஓட்டை அடைச்சிருந்துச்சு. வேரு பாதி கொன்னுச்சு, மீதியை நான் கொன்னேன்.

மத்தியானம் இலை தொங்கி, சாயங்காலம் நிமிந்துச்சுன்னா ஒண்ணும் பண்ணாதீங்க. வெயிலுக்குச் செடி அப்படித்தான் இருக்கும். காலை 7 மணிக்கே தொங்கினா பை அடியில கைய விட்டுப் பாருங்க.

22-12-2023, இரவு 10.00

சிரிக்காதீங்க. எங்க பொடக்காலியில இருக்கற மூணு அரசாணிக் கொடியில ஒரு வாரமா ஒரு பிஞ்சுகூட நிக்கலை. மாடி இல்லை, தரை. பக்கத்துல முருங்கை இருக்குது, தேனீயும் இருக்குது. இங்க ஊருக்கே பாடம் எடுத்துட்டு என் வீட்டுல இப்படி. பெண் பூ விரியுது, மஞ்சளாகுது, விழுகுது. நான் 7 மணிக்குப் போய்ப் பாத்தா ஆண் பூவே கண்ணுல படறதில்லை. செடி ஆண் பூவை நிறுத்திருச்சா? தழைச்சத்து அதிகமா? மார்கழிக் குளிரா? குளிர்னா நவம்பர் கடைசியிலேயே குறைஞ்சிருக்கணுமே.

24-12-2023, காலை 6.15

கண்டுபிடிச்சாச்சு. எத்ரலும் இல்லை, தழைச்சத்தும் இல்லை. அம்மா.

இன்னிக்கு அஞ்சரைக்கே எந்திரிச்சு டார்ச்சோட போனேன். அங்க ஏற்கெனவே ஒரு டார்ச் எரிஞ்சுட்டு இருக்குது. அம்மா கையில கூடை, கூடை நிறைய அரசாணிப் பூ. மார்கழியாச்சே, வாசல் கோலத்துல சாணிப் பிள்ளையாருக்கு வைக்க. எங்களுக்கு ஒரு பூ போதும். ஆனா எங்க வீதியில 11 வாசல், 11 வாசலுக்கும் சப்ளை எங்க பொடக்காலியிலிருந்து.

“பெண் பூவையுமா பறிச்சே?”ன்னு கேட்டேன்.

“பிஞ்சோட இருக்கறதை எவளாச்சும் பறிப்பாளா கண்ணு? வெறும் பூவாப் பாத்துத்தான் பறிச்சேன். வீணாப் பூத்துக் கொட்டறதுதானே.”

ஆண் பூ எது, பெண் பூ எதுன்னு எனக்கு முன்னாலேயே அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சே தினமும் ஆண் பூவை மொத்தமாப் பறிச்சு, தேனீ எந்திரிக்கறதுக்கு முன்னாலேயே வீதிக்குப் பங்கு போட்டிருக்குது. மார்கழி மொத தேதியிலிருந்து பிஞ்சு நிக்காததுக்குக் காரணம் பிள்ளையார்தான்.

24-12-2023, காலை 9.30

பறிக்காதேன்னு சொல்ல முடியுமா? 11 வாசல் என்னைப் பாக்கும். ஒம்பது மணிக்கு மேல பறிச்சுக்கோன்னா சுருண்ட பூவைக் கோலத்துல எப்படி வைக்கறது. ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கோம், பாப்போம்.

2-1-2024, இரவு 8.45

ஏற்பாடு இதுதான்: பறிச்ச பூ கூடைக்குப் போறதுக்கு முன்னால பெண் பூவைத் தொட்டுட்டுப் போகணும். இதழைக் கிழிச்சா கோலத்துக்கு ஆகாதே, அதனால அம்மா பூவைக் கவுத்து, இதழை விரலால பின்னுக்கு மடக்கிப் பெண் பூ மேல மெதுவா உக்கார வெச்சுத் திருப்பி எடுக்குது. அப்புறம்தான் பிள்ளையார். தொட்ட பிஞ்சுக் காம்புல மஞ்ச நூல் ஒரு சுத்து.

9 நாள்ல 8 நூல், 6 நிக்குது. நான் 7 மணிக்குப் போய்த் தடவின காலத்துல பத்துக்கு நாலுதான். அஞ்சரை மணிக்கு மகரந்தம் புதுசா இருக்குது போல. இனிமே காலை 6-8ன்னு நான் சொன்னதை அரசாணிக்கு 5.30-7ன்னு திருத்தி வாசிச்சுக்கோங்க. சுக்கினிக்கு 6-8 சரி.

6-1-2024, மதியம் 2.10

இது விளையாட்டில்லை, பொறுமையாப் படிங்க. ‘வீட்டு விதையில முளைச்ச சுக்கினி கசக்குது, சக்கரை போட்டுச் சமைச்சா சரியாகுமா’ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார்.

ஆகாது. தூக்கி எறியுங்க. கசப்பு குகுர்பிட்டாசின்கற விஷம், வேக வெச்சாலும் போகாது. 2015-ல ஜெர்மனியில 79 வயசுப் பெரியவர் ஒருத்தர் தோட்டத்துச் சுக்கினி கசந்தும் சாப்பிட்டு இறந்தே போனார். நம்ம நாட்டுல 2010-ல டெல்லியில ஒரு விஞ்ஞானி கசப்புச் சுரைக்காய்ச் சாறு குடிச்சு இறந்தார். அதுக்கப்புறம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் குழு போட்டு, கசந்தாக் குடிக்கவே குடிக்காதீங்கன்னு சொல்லுச்சு. பேய்ச்சுரைன்னு நம்ம பெருசுங்க ஒதுக்கி வெச்சது சும்மா இல்லை. காம்புப் பக்கம் ஒரு துளி நறுக்கி நாக்குல வெச்சுப் பாத்துட்டுத் துப்பிருங்க. பாகக்காய்க் கசப்பு வேற சங்கதி, அதோட இதைக் குழப்பாதீங்க.

‘பக்கத்துல பாகல் கொடி இருக்குது, அதனாலயா?’ இல்லை. பாகல் மகரந்தம் சுக்கினியில ஒட்டாது. அப்படியே வேற ரக மகரந்தம் பட்டாலும் இந்த வருசக் காயோட சதை மாறாது, உள்ள இருக்கற விதைதான் மாறும், அடுத்த வருசம்தான் தெரியும். கடையில வாங்கற சுக்கினி பெரும்பாலும் கலப்பின விதை. அதுலருந்து விதை எடுத்துப் போட்டா என்ன வரும்னு யாருக்கும் தெரியாது. அதனால சுக்கினிக்கு வருசா வருசம் புது விதைதான்.

16-1-2024, இரவு 7.30

பொங்கலுக்கு அரசாணி சந்தையிலதான் வாங்கினோம். நூல் கட்டினது எதுவும் பழுக்கலை. பூ தொட்டதிலிருந்து ஒண்ணரை மாசம் ஆகும், கணக்குப் போட்டாப் பிப்ரவரிதான். ‘வீட்டுல மூணு கொடி, வாங்கறது சந்தையில’ன்னு வந்த ஒரம்பரை எல்லாம் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போச்சு. தட்டப்பயிறு போட்ட அரசாணிக் குழம்புன்னா நாலு கரண்டி சாப்பிட்டாங்க, அப்ப யாரும் குத்தம் சொல்லலை.

சுக்கினியையும் அதே குழம்புல போட்டுப் பாத்தேன். கரைஞ்சு தண்ணியாப் போச்சு. அதைப் பஜ்ஜி போடுங்க, இல்ல பாசிப்பருப்புக் கூட்டு. என் கருத்து: ருசியில சுரைக்காயோட தம்பி. விலையில மட்டும் அண்ணன்.

21-1-2024, காலை 8.00

திருப்பூர்க்காரர் ஒரு சுக்கினியை முழங்கை நீளம் வளர விட்டுப் போட்டோ போட்டிருக்கார். அழகாத்தான் இருக்குது. ஆனா அது செடியில இருக்கற வரைக்கும் புதுப் பிஞ்சு வர்றது குறைஞ்சிரும், விதை முத்த ஆரம்பிச்சா செடி வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சுக்கும். ஒரு சாண் ஆனதும் பறிச்சிருங்க. அரசாணிக்கு நேர் எதிர்: காம்பு காய்ஞ்சு தக்கை மாதிரி ஆகணும், நகம் வெச்சாத் தோல்ல இறங்கக் கூடாது, அப்பப் பறிங்க. காம்பை ரெண்டு விரல் நீளம் விட்டு வெட்டுங்க, ஒட்ட வெட்டினா அந்த இடத்துல அழுகும்.

நுனி கறுத்து அமுங்கின ஒரு காயும் போட்டோவுல தெரியுது. மஞ்சளாகி விழுகறது வேற, இது வேற. ஒரு நாள் தண்ணி ஊத்தி ரெண்டு நாள் மறந்தா இப்படி வரும். செடி கால்சியத்தைத் தண்ணியோடதான் இழுக்குது, தண்ணி நின்னா அதுவும் நிக்கும். முட்டை ஓடு போட்டிருக்கீங்க போல. அது மக்கிக் கிடைக்கறதுக்குள்ள செடி ஆயுசு முடிஞ்சிரும். தண்ணியை ஒரே சீரா விடுங்க, மேல சருகு போட்டு மூடுங்க. (கடைக்காரர் கொடுத்த கால்சியம் பாட்டில் இதுக்காவது ஆகுமான்னு கேக்காதீங்க.)

18-2-2024, மாலை 6.20

ஆறு நூல்ல அஞ்சு முத்துச்சு. ஒண்ணை எலி தின்னுருச்சு, அதுக்கு என்கிட்ட வைத்தியம் இல்லை. பெருசு நாலரைக் கிலோ. அம்மா 11 வாசலுக்கும் ஒவ்வொரு கீத்து கொடுத்தனுப்புச்சு. பூவுக்குப் பூ, காய்க்குக் காய், வீதி மொத்தமும் எங்க கொடியிலதான் பிழைக்குது.

திருப்பூர்க் கணக்கு: நாலு சுக்கினிச் செடியில மொத்தம் 13 காய், அதுல 2 ஈக்கு. அவர் செலவுக் கணக்கையும் போட்டுட்டார். காய்க்கு 140 ரூபாய் வருதாம். அதை வீட்டுக்காரம்மாகிட்டக் காட்டாதீங்கன்னு மட்டும் சொன்னேன்.

20-7-2024, காலை 7.00

ஆடி பிறந்தாச்சு, இந்தப் பழைய பேச்சைத் திரும்ப மேல தூக்கிவிடறேன். அரசாணி இப்பப் போடலாம். சுக்கினி வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து இந்த மாசம் அடிக்கற அடியில அந்தப் பெரிய இலை நாராக் கிழிஞ்சிரும், தேனீயும் வெளிய வராது. ஐப்பசி வரைக்கும் பொறுங்க. செவப்பு வண்டு இப்பத்தான் வரும், முளைச்ச ரெண்டிலைச் செடியையே மொட்டையடிச்சிரும். விடியக்காலையில அது மந்தமா இருக்கும், கையால பொறுக்கிச் சோப்புத் தண்ணியில போடுங்க. அடுப்புச் சாம்பல் தூவறது எங்க அப்பாரு காலத்து முறை. மழை பெஞ்சா மறுபடி தூவணும்.

20-7-2024, காலை 7.25

விதை கேட்டவங்களுக்கு: நூல் கட்டின காய்ல எடுத்தது, அம்மா சாணி வறட்டியில பதிச்சுக் கட்டுத்தறைச் சுவத்துல அப்பி வெச்சிருக்குது. ஒரு வறட்டிக்குப் பத்து விதை, மொத்தம் ஏழு வறட்டி. ரெண்டு எங்களுக்கு, ஒண்ணு எதிர் வீட்டு அக்காவுக்கு. மீதி நாலு இருக்குது. வறட்டியோடவே தபால்ல அனுப்பட்டுமா, உதிர்த்து அனுப்பட்டுமான்னு சொல்லுங்க. திருப்பூர்க்காரருக்கு ஒண்ணு எடுத்து வெச்சாச்சு. மார்கழியில அவர் வீதியில எத்தனை வாசல்னு அம்மா கேக்கச் சொல்லுச்சு.